‘லாகரிங்’ என்பதற்குக் குளிர்க்கிடை: ஒரு முன்மொழிவு

அன்பின் நண்பர்களுக்கு,

‘லாகரிங்’ என்றால் நொதித்து முடிந்த பியரைக் கிழமைக்கணக்கில் குளிரில் கிடத்தி வைப்பது. அதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை இங்கே வந்த குளிரூட்டல், பதப்படுத்தல், முதிர்வித்தல் என்ற மூன்று சொற்களையும் ஒரு கிழமையாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மூன்றும் ஒத்துவரவில்லை. ‘குளிர்க்கிடை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அது என் மேசையில் பிறந்த சொல் அல்ல. பியர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றபோது அதன் வேர் காதில் விழுந்தது.

போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறைக்கு) முந்தின நாள் பின்னேரம், கொழும்பில் ஒரு சிறு பியர் ஆலைக்குப் போயிருந்தேன். செக் பாணிப் பில்ஸ்னர் என்ற பொன்னிற லாகர் பியரைக் காய்ச்சுகிறார்கள். தாங்கிகளைப் பார்த்துக்கொள்பவர் மலையகத் தமிழர். ஒரு தாங்கியின் சிறு குழாயைத் திறந்து அரைக் கிளாஸ் பிடித்துத் தந்தார். நொதித்தல் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்ததாம். கலங்கலாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் வெண்ணெய் வாடை. அதற்குப் பின்னால் அவித்த முட்டையின் வாடை, இலேசாக. வாயில் வைத்தால் கசப்பு ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கம், இரண்டும் முகம் கொடுத்துக் கதைக்காத உறவுக்காரர் போல. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “இது இன்னும் நாலஞ்சு கிழமை கெடக்கணும்.”

பக்கத்துத் தாங்கியிலிருந்து அடுத்த கிளாஸ் வந்தது. அது ஆறு கிழமை கிடந்தது. தெளிந்த பொன்னிறம், கிளாசுக்குப் பின்னால் பிடித்த விரலின் நகம் அப்படியே தெரிந்தது. நுரை தடிப்பாக நின்று, ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணாடியில் ஒரு வளையம் விட்டு இறங்கியது. சூடான பாணின் பொறுக்கு வாசம். கசப்பு வேப்பம்பூ வடகம் போல: முதலில் பிடிக்கிறது, விழுங்கியதும் வாயைச் சுத்தமாக விட்டுவிட்டுப் போகிறது.

இரண்டிலும் ஒரே வாற்கோதுமை, கசப்புக்குப் போடும் ஒரே ஹொப்ஸ் பூ, நொதிக்க வைக்கும் ஒரே மதுவம் (ஈஸ்ட்). இடையில் யாரும் எதையும் சேர்க்கவில்லை. உறைநிலைக்குச் சற்று மேலே, ஒன்றிரண்டு பாகை செல்சியசில் அது கிடந்தது, அவ்வளவுதான். கிடக்கும்போது, மிஞ்சியிருக்கும் மதுவம் வெண்ணெய் வாடைக்குக் காரணமான பொருளை மெல்ல உள்ளிழுத்துக்கொள்கிறது; கந்தக வாடை வாயுவோடு வெளியேறுகிறது; மதுவமும் புரதமும் அடியில் படிகின்றன.

சரி, இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘குளிரூட்டல்’ பிரிட்ஜில் வைத்தாலே நடந்துவிடும். கிழமைக்கணக்கு அதில் இல்லை. ‘பதப்படுத்தல்’ என்றால் நமக்கு மீனும் தோலும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘முதிர்வித்தல்’ பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி:

> சாராயத்துக்கு முதிர்வு என்கிறோம். பியருக்கும் அதுவே போதாதா?

போதாது. நம் தென்னஞ் சாராயம் ஹல்மில்ல மரத்தொட்டியில் முதிரும்போது மரத்திடமிருந்து நிறமும் மணமும் வாங்கிக்கொள்கிறது. அங்கே நடப்பது வரவு. உருக்குத் தாங்கியில் கிடக்கும் பில்ஸ்னர் எதையும் வாங்குவதில்லை, வேண்டாததை விடுகிறது. தவிர, முதிர முதிர நல்லது என்ற எண்ணத்தை அந்தச் சொல் கொடுத்துவிடும். பில்ஸ்னரோ வெளியே வந்தபின் நாள்பட்டால் சுவை கெடும் பொருள். வேறுபட்ட இரண்டு வேலைக்கு ஒரே சொல்லைக் கொடுத்தால், பின்னால் எழுதுபவர் திண்டாடுவார்.

ஜெர்மன் சொல்லையே பாருங்கள். ‘லாகர்’ என்றால் பொருளைக் கிடத்தி வைக்கும் இடம். அதன் வேர் ‘கிட’ என்று பொருள்படும் வினை. நம்மிடம் கிட, கிடங்கு என்று அதே வழி ஏற்கெனவே இருக்கிறது. 1842இல் ஜோசப் குரோல் என்ற பவேரியர் செக் நாட்டின் பிள்சென் நகரத்தில் முதல் பில்ஸ்னரைக் காய்ச்சியபோது, பீப்பாய்கள் மணற்கல்லில் குடைந்த நிலத்தடி அறைகளில்தான் குளிரில் கிடந்தன. அந்த அறைகளுக்குக் ‘கிடங்கு’ அச்சொட்டாகப் பொருந்தும்: பண்டகசாலை என்ற பொருளிலும், யாழ்ப்பாணத்தில் குழிக்குச் சொல்கிற பொருளிலும். ஆனால் செயலின் பெயராகக் கிடங்கைப் போட்டால், எங்கள் ஆட்கள் மண்வெட்டியைத் தேடுவார்கள்.

அதனால்தான் கிடை. ஆட்டுக்கிடை நமக்குத் தெரிந்த சொல்: மந்தையை ஓரிடத்தில் இராத்தங்க வைப்பது. லாகருக்கும் ஜெர்மனில் ‘தங்குமிடம், முகாம்’ என்ற பொருள் உண்டு. இவ்வளவு நெருக்கமாக இரண்டு மொழிகள் ஒத்துவருவதை நான் அதிகம் கண்டதில்லை. “மூன்று கிழமை குளிர்க்கிடையில் இருந்தது”, “குளிர்க்கிடை முடிந்து போத்தலில் அடைத்தார்கள்” என்று எழுதிப் பார்த்தேன், தடக்கவில்லை. வினை வேண்டுமென்றால் ‘கிடையிடு’.

பில்ஸ்னருக்கு உகந்த, உப்புகள் குறைந்த பிள்சென் தண்ணீரை ‘மென்னீர்’ என்று சொன்னால் பாடசாலைப் பிள்ளைக்கும் விளங்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்றின் வன்னீரை எதிரே வைத்துக் காட்டலாம். குளிர்க்கிடையும் அந்த வரிசையில் உட்காரும் என்று நம்புகிறேன். ‘லாகர்’ என்ற பியர்ப் பெயரைத் தொடத் தேவையில்லை, அது அப்படியே இருக்கட்டும். செயலுக்குத்தான் தமிழ் கேட்கிறேன்.

ஒரு தயக்கம் இருக்கிறது. நோயில் விழுந்தவரை “படுத்த கிடையாய்க் கிடக்கிறார்” என்கிறோம். அந்த நிழல் இந்தச் சொல்லிலும் விழுமா? ‘குளிர்’ முன்னால் நிற்பதால் விழாது என்பது என் எண்ணம், ஆனால் என் காதை மட்டும் நம்ப விருப்பமில்லை. மட்டக்களப்பு நண்பர்கள் மாட்டுக்குப் ‘பட்டி’ என்றுதான் சொல்வீர்கள். உங்கள் பக்கம் கிடை என்றதும் முதலில் மனதில் வருவது எது?