புதுப்பிப்பு: அலன்னாவின் நான்கு பாகங்களையும் படித்து முடித்துவிட்டேன்

டமோரா பியர்ஸ் எழுதிய அலன்னா என்ற மாயக்கதைத் தொடரை என் அக்கா மகளுக்குக் கொடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அவளுக்கு 12 வயது. அப்போது நான் முதல் பாகத்தையே பாதிதான் படித்திருந்தேன். இப்போது 1983 முதல் 1988 வரை வந்த நான்கையும் முடித்துவிட்டேன். முதல் பாகத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

என் பயமெல்லாம் கதாநாயகி அலன்னா போடும் ஆண் வேஷத்தைப் பற்றித்தான். இரட்டைப் பிறவியான சகோதரன் 'தாம்' மந்திரம் படிக்கப் போக, இவள் 'ஆலன்' என்று பெயர் மாற்றி வீரப் பயிற்சிக்குப் போகிறாள். பெண் உடம்பையே கேவலமாகக் காட்டிவிடுவார்களோ என்று நினைத்தேன். அப்படி இல்லை. முதல் மாதவிலக்கு வரும்போது, அடிபட்டுவிட்டதோ என்று மிரண்டுபோய், திருடர்களின் ராஜா ஜார்ஜிடம் ஓடுகிறாள். அவன் தன் அம்மாவிடம் கூட்டிப் போகிறான். அந்த அம்மா வைத்தியம் தெரிந்தவள். கூச்சமில்லாமல் உள்ளதை உள்ளபடி சொல்லித் தருகிறாள். எனக்கு அந்த வயதில் யாரும் இப்படி உட்கார்ந்து சொல்லவில்லை. அந்தப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன்.

ரகசியம் இரண்டாம் பாகக் கடைசியில் உடைகிறது, வாள் சண்டைக்கு நடுவில். காதல், உறவு எல்லாம் அந்த இரண்டாம் பாகத்திலேயே தொடங்கிவிடுவதால் மற்ற மூன்றையும் இரண்டு வருஷம் கழித்துத்தான் கொடுப்பேன். அதுவரை அதே எழுத்தாளரின் கெலட்ரி கதை இருக்கிறது: அலன்னா வாழும் அதே டோர்டால் நாடு, வேஷமே போடாமல் பெண்ணாகவே பயிற்சிக்கு வருகிறவள். சனிக்கிழமை முதல் பாகத்தைக் கையில் கொடுத்தேன், அலன்னாவை வம்புக்கு இழுக்கும் ராலன் வரும் இடம் வரை படித்துவிட்டு இரவே போன்: "சித்தி, ராலனை அடிச்சுட்டா!"