'குண்டு துளைக்காத தாவர இழைக் கலவை': மூன்று பகுதியிலும் சிக்கல்

அன்பர்களுக்கு வணக்கம். தோட்டாவைத் தடுக்கும் கவசத்தில் வைக்கிற செடிநார்ப் பலகைக்குக் கட்டுரையில் என்ன தமிழ்ப் பெயர் போடலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> "குண்டு துளைக்காத தாவர இழைக் கலவை" என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. செடியிலிருந்து உரித்தால் அது நார்தானே? வாழை நார், கற்றாழை நார், தேங்காய் நார். இழை கண்ணாடிக்கும் கரிக்கும் இருக்கட்டும். கலவை என்றால் கொத்தனார் சட்டிதான் கண்முன் வருகிறது. இங்கே பிசினுக்குள் நார் நாராகவே கிடக்கிறது, கூட்டுப்பொருள் போதும். (நார்க்கூட்டு என்று மட்டும் சுருக்காதீர்கள், இலையில் பரிமாறிவிடுவார்கள்.)

பெரிய சிக்கல் 'குண்டு துளைக்காத'. ரியோ டி ஜெனிரோவில் பிரேசில் ராணுவப் பொறியியல் கழகத்தில் செர்ஜியோ நெவெஸ் மொன்தெய்ரோ குழுவினர் சுட்டுப் பார்த்தது ஓர் அடுக்குக் கவசத்தை. முன்னால் அலுமினா பீங்கான், பின்னால் அலுமினியத் தகடு. நடுவில் வழக்கமாகக் கெவ்லார் போன்ற அராமிட் (வலுவான செயற்கை இழை) துணி இருக்கும். அந்த இடத்தில் சணல், கற்றாழை, ராமி (இதுவும் ஒரு நார்ச்செடி), அமேசான் பக்கத்துக் குராவா (அன்னாசிக்கு ஒன்றுவிட்ட தம்பி) என்று 10 மி.மீ. நார்ப் பலகைகளை வைத்தார்கள்.

7.62 மி.மீ. தோட்டா நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகத்தில் வந்து பீங்கானில் மோதுகிறது. தோட்டா நொறுங்குவது அங்கேதான். பீங்கானும் சேர்ந்து நொறுங்குகிறது. அந்தச் சில்லுகள் உடம்பைப் பார்த்துப் பாய்கின்றன. அவற்றை வாங்கிக்கொள்வது நாரின் வேலை. சுட்ட பலகையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், இட்லிப்பொடியில் புரட்டிய மாதிரி நாரெல்லாம் பீங்கான் தூள் அப்பிக் கிடக்கிறது. பீங்கானை எடுத்துவிட்டு நார்ப் பலகையை மட்டும் நிறுத்தினால் அதே தோட்டா துளைத்துக்கொண்டு போய்விடும். ஆக, 'துளைக்காத' என்பது நாருக்குப் பொருந்தாத புகழ்.

சோதனையும் துளையை மட்டும் பார்ப்பதில்லை. கவசத்துக்குப் பின்னால் களிமண் வைத்து, அதில் விழும் பள்ளம் 44 மி.மீ. தாண்டுகிறதா என்று அளக்கிறார்கள். துளைக்காமலே ஆளைச் சாய்க்க முடியும் அல்லவா?

'குண்டுதாங்கி' என்று வைக்கலாமே என்றால், எனக்கும் அது முதலில் பிடித்தது; இடிதாங்கி இருக்கிறதே. ஆனால் விமானந்தாங்கிக் கப்பலும் இருக்கிறது. குண்டு சுமந்து வருகிறவன் என்று படித்துவிட்டால்? பதிற்றுப்பத்தின் 'மெய்ம்மறை' அழகுதான், ஆனால் அது முழுக் கவசத்துக்குப் பெயர். நமக்கு நடு அடுக்குக்கு வேண்டும்.

என் பரிந்துரை: முழுவதற்கும் அடுக்குக் கவசம், நடுவில் இருப்பதற்குச் சில்லேந்தி. நாரால் செய்தால் நார்ச் சில்லேந்தி, அராமிடால் செய்தால் அராமிட் சில்லேந்தி.

---

> நார்ச் சில்லேந்தி

(இன்னோர் அன்பரின் மறுமொழி) நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் சில்லு என்றால் பாண்டி ஆட்டம், அது போகட்டும். ஆனால் 'ஏந்தி' கொஞ்சம் மென்மை, கைக்குழந்தையை ஏந்துவோம். அடி வாங்குகிற பொருளுக்குச் 'சில்லுவாங்கி' என்று எழுதிப் பார்த்தேன், என் கைப்பேசி 'வங்கி' என்று திருத்தியது. ஏந்தியே இருக்கட்டும். கட்டுரையில் முதல்முறை வரும் இடத்தில் 'நடு அடுக்கான சில்லேந்தி' என்று போட்டுவிடுங்கள்.