சொந்தமாகச் செய்த போர்டில் இருந்து லப்டொப்புக்கு வரும் சீரியல் தொடர்பில் குப்பை எழுத்து வருகிறது, அவசர உதவி

வாய்க்கால்கரை:
வயல் வாய்க்காலில் நீர்மட்டம் பார்க்க ஒரு சிறிய போர்ட் செய்தேன். இதே புரோகிராம் கடையில் வாங்கிய ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஒழுங்காக ஓடியது. என் போர்டில் ஏற்றினால் திரையில் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டுகிறது. வயரை மாற்றினேன், லப்டொப்பை மாற்றினேன், அதே கதை. சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறக்க முன்னர் வயலில் பூட்ட வேண்டும். தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

மாங்குளம்சந்தி:
எந்தச் சிப்? சீரியல் வேகம் எத்தனை? சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு கொடுக்கும் கிரிஸ்டல் இருக்கிறதா? எதால் புரோகிராம் ஏற்றினீர்கள்? போர்டைப் படம் எடுத்துப் போடுங்கள்.

செம்மண்தரை:
கிரவுண்ட் வயர் கொடுத்தீர்களா? தரவு வாங்கும் ஆர்எக்ஸும் அனுப்பும் டிஎக்ஸும் மட்டும் கொடுத்தால் இப்படித்தான் வரும்.

முத்தையன்கட்டான்:
பக்கத்தில் யானை வேலி ஓடுகிறதா? எங்கள் பக்கம் வேலிக்குக் கிட்ட ரேடியோ வைத்தால் டக் டக் என்று கேட்கும். உணரி வயர் வேலியோடு சேர்ந்து போனால் எழுத்து குழம்பும். நான் பந்தயமே கட்டுவேன்.

பழையகை:
தம்பி, சிப்பின் விவரக் கையேட்டை, அந்த டேட்டாஷீட்டைத் திறந்து பார்த்தீரா? ஊனோவில் ஓடியது இங்கும் ஓட வேண்டும் என்று யார் சொன்னது? ஊனோவுக்கு வரும் சிப்பைத் தொழிற்சாலையிலேயே தயார்படுத்தி விடுவார்கள். போர்ட் அடிக்க முன்னர் அடிப்படையைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது.

மாங்குளம்சந்தி:
ஐயா, கேட்க வந்தவரை விரட்டாமல் அந்தத் ‘தயார்படுத்தல்’ என்னவென்று சொல்லலாமே. முத்தையன்கட்டான் அண்ணை, வேலியில் துடிப்பு ஏறக்குறைய செக்கனுக்கு ஒன்றுதான் வரும். அதனால் இடைக்கிடை ஓர் எழுத்து கெடலாம். இவருக்கு வருவது எல்லாமே குப்பை. போர்டும் இன்னும் வயலுக்கே போகவில்லை.

வாய்க்கால்கரை:
ஏடிமெகா328பி, புதுச் சிப். வேகம் செக்கனுக்கு 9600 பிட். கிரிஸ்டல் 16 மெகாஹெர்ட்ஸ், இரண்டு பக்கமும் 22 பிக்கோபரட். யுஎஸ்பிஏஎஸ்பி என்ற புரோகிராமரால் ஏற்றினேன். கிரவுண்ட் கொடுத்திருக்கிறேன். வேலி தூரத்தில்.

மாங்குளம்சந்தி:
சரி, இப்போது பிடிபடுகிறது. புதுச் சிப் பெட்டியிலிருந்து வரும்போது உங்கள் கிரிஸ்டலைத் திரும்பியும் பாராது. தனக்குள்ளேயே துடிப்பு உண்டாக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஒசிலேட்டரை எட்டால் பிரித்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். புரோகிராம் 16 என்று நினைத்துக் கணக்குப் போடுகிறது. எல்லாம் 16 மடங்கு மெதுவாக நடக்கும், 9600 என்று போவது உண்மையில் 600தான்.

நம்பாவிட்டால் சோதியுங்கள். ஒரு செக்கனுக்கு ஒருமுறை மாறும்படி எல்ஈடி புரோகிராம் ஏற்றுங்கள். மாற 16 செக்கன் எடுத்தால் இதுதான். சீரியல் எழுத்தைத் திரையில் காட்டும் புட்டி (PuTTY) மென்பொருளில் வேகத்தை 600 என்று எழுதினால் வாசிக்கக்கூடிய எழுத்தும் வரவேண்டும்.

தீர்வு பியூஸ், அதாவது எந்தக் கடிகாரத்தில் ஓடுவது போன்றவற்றைச் சிப்புக்குள் குறித்துவைக்கும் அமைப்பு பிட்கள். லோ பியூஸ் பதினாறடிமான எண்ணில் 62 என்று இருக்கும், அதை எஃப்எஃப் ஆக்குங்கள். முதலில் கிரிஸ்டலின் ஈயப்பற்றை உருப்பெருக்கியால் பாருங்கள். கிரிஸ்டல் துடிக்காமல் பியூஸை மாற்றினால், வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பு கொடுக்கும்வரை சிப் புரோகிராமருக்குப் பதில் சொல்லாது. ஹை பியூஸில் கைவைக்க வேண்டாம். ரீசெட் பின்னை மூடும் பிட் அதில்தான் இருக்கிறது.

அறிவியல்நகர்_மாணவி:
கிரிஸ்டலே தேவையில்லையே அண்ணா. எட்டால் பிரிப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, 8 மெகாஹெர்ட்ஸ் என்று கொம்பைல் பண்ணினால் போதும். பற்றரியும் மிஞ்சும்.

பழையகை:
வன்னி வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்த ஒசிலேட்டரை நம்பச் சொல்கிறீரா பிள்ளை? தொழிற்சாலை அளவுத்திருத்தமே 10 வீதம் வரை முன்பின் போகலாம். ஒரு பைட்டுக்குத் தொடக்கம், முடிவு சேர்த்து 10 பிட். விலகல் பிட்டுக்குப் பிட் கூடிக் கடைசியில் அரைப் பிட்டைத் தொட்டால் எழுத்து போச்சு. இரு பக்கமும் சேர்ந்து 5 வீதம் தாங்காது. ஒரு பக்கத்துக்கு 2 வீதம் என்று வைத்துக்கொள்ளும்.

அறிவியல்நகர்_மாணவி:
அந்த 10 வீதம் நாங்கள் திருத்தாவிட்டால்தானே ஐயா. ஒசிலேட்டரின் வேகத்தைச் சரிசெய்யும் ஒஸ்கால் ரெஜிஸ்டரில் திருத்தினால் 1 வீதத்துக்குள் கொண்டுவரலாம் என்று அதே டேட்டாஷீட்டில் இருக்கிறது.

பழையகை:
திருத்தும் வெப்பநிலையும் மின்னழுத்தமும் வேறு, மத்தியானம் பெட்டிக்குள் இருப்பது வேறு. ஒவ்வொரு போர்டாகத் திருத்திக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? கிரிஸ்டல் ஒன்றும் பெரிய விலையில்லை.

முத்தையன்கட்டான்:
எது எப்படியோ, வயலில் பூட்டும்போது வயரை வேலிக்குக் குறுக்காகக் கொண்டுபோங்கள். நெடுகப் போடாதீர்கள்.

வாய்க்கால்கரை:
600இல் எழுத்து வந்தது. பியூஸ் மாற்றினேன், இப்போது 9600இல் சரியாக வருகிறது. நன்றி மாங்குளம் அண்ணை. வயலுக்கு வெளிக்கிடுகிறேன்.

மாங்குளம்சந்தி:
நல்லது. வாய்க்காலில் இருந்து லப்டொப் வைக்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம்? சில மீற்றருக்கு மேல் என்றால் இந்த 5 வோல்ட் சீரியலை அப்படியே இழுக்காதீர்கள், தூரத்துக்குச் சீரியல் அனுப்பும் ஆர்எஸ்485 சிப் போடுங்கள்.

செம்மண்தரை:
ஆள் போய்விட்டார் போல.