தி.நகரில் தெருவோர வண்டி நிறுத்தம்: எடுத்துவிடலாமா, இருக்கட்டுமா?

மாம்பலத்துவாசி
பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். பக்கத்திலேயே தணிகாசலம் சாலையில் 222 கார், 513 பைக் நிறுத்தும் அளவுக்கு அடுக்குமாடி நிறுத்தமும் வந்தது. அப்படியும் உஸ்மான் ரோடு, பர்கிட் ரோடு, உள்தெருக்கள் எங்கே பார்த்தாலும் இரண்டு பக்கமும் வண்டிதான். என் யோசனை இது: அடுக்குமாடியிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் தெருவில் கார் நிற்கவே கூடாது. பைக்குக்கு மட்டும் கோடு போட்டு, மணிக்கணக்கில் காசு வாங்கட்டும்.

மேட்சிங்கடை
எதிர்க்கிறேன். 22 வருஷமா இங்கே ப்ளவுஸ் துணிக்கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் புடவையை மஞ்சப்பையில் கொண்டுவருவார்கள். கடைக்குள் டியூப்லைட்டில் நிறம் தெரியாது என்று துணியை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு மீட்டர் லைனிங், ஒரு ஃபால்ஸ், பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார்கள். அவர்களை அடுக்குமாடியில் விட்டுவிட்டு நடந்து வா என்றால் வருவார்களா? பெரிய ஜவுளிக்கடைக்குக் கீழ்த்தளம் இருக்கிறது. எங்களுக்குத் தெருதானே இருக்கிறது?

நடேசன்தெரு_பொண்ணு
அண்ணா, உங்கள் பத்து நிமிஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் போன தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கப்பாவுக்கு மூச்சுத்திணறல். கேட்டுக்கு வெளியே ஏழு பைக், எல்லாம் ஹேண்டில் லாக். ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிட்டது. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் அப்பாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். அந்த ஏழு வண்டிக்காரர்களுக்கும் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

மேட்சிங்கடை
படிக்கவே கஷ்டமா இருக்கும்மா. கேட்டை மறிக்கிறவனுக்கு அபராதம் போடட்டும், நானே முதல் ஆளா ஆதரிக்கிறேன். அதற்காக மொத்தத் தெருவுக்கும் காசு வைக்கவேண்டுமா?

ரயில்பயணி
2023 மே மாதத்திலிருந்து மாம்பலம் ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடைமேம்பாலம் இருக்கிறது. பாண்டி பஜாருக்குக் கார் எதற்கு?

கோடம்பாக்கம்_கணக்கர்
கைக்குழந்தையோடு அந்தப் பாலம் ஏறிப் பாருங்கள் சார், அப்புறம் பேசலாம்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். சான்பிரான்சிஸ்கோவில் 2011-லிருந்து கூட்டத்துக்குத் தக்கபடி கட்டணத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். கூட்டம் உள்ள இடத்தில் விலை ஏறும், காலியாகக் கிடக்கும் இடத்தில் இறங்கும். எப்போதும் ஓரிரு இடம் காலியாக இருப்பதுதான் குறி. நம் மாநகராட்சி காருக்கு மணிக்கு 20, பைக்குக்கு 5 என்று காலையிலும் மாலையிலும் ஒரே விலை வைத்திருந்தது. மாலை ஆறு மணிக்கும் அதே விலை என்றால் யார் அடுக்குமாடிக்குப் போவார்கள்? நான் போனபோதெல்லாம் மேல்தளத்தில் இடம் இருந்தது.

மாம்பலத்துவாசி
மேட்சிங்கடை அண்ணே, காசு வைத்தால் உங்களுக்குத்தான் லாபம். காலை பதினோரு மணிக்கு உங்கள் வரிசையில் நிற்கிற வண்டிகளை எண்ணினேன். பெரும்பாலும் வாடிக்கையாளர் வண்டி இல்லை. கடை ஊழியர்களும் முதலாளிகளும் கடை திறக்க வரும்போது நிறுத்தி, ராத்திரி பத்து மணிக்கு எடுக்கிற வண்டிகள். அதனால்தான் உங்கள் பத்து நிமிஷ வாடிக்கையாளர் நடேசன் தெருவுக்குள் போய் கேட்டை மறிக்கிறார்.

சேல்ஸ்_செக்‌ஷன்
ஊழியர் என்றதால் எழுதுகிறேன். நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன், வீடு குன்றத்தூர் பக்கம். கணக்கு முடித்து வெளியே வர பத்தரை ஆகும். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்பி ஒரு பெண் நிற்க முடியாது, அதனால்தான் ஸ்கூட்டி. மணிக்கு 5 ரூபாய், 12 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 60. மாதம் 26 நாளுக்கு 1,560. என் சம்பளத்தில் அதை எங்கிருந்து எடுப்பேன்?

மாம்பலத்துவாசி
இதை நான் யோசிக்கவில்லை, தங்கச்சி. அப்படியென்றால் ஊழியர்களுக்கு அடுக்குமாடியின் மேல்தளத்தில் மாதப் பாஸ், அந்தப் பணத்தைக் கடை கட்டவேண்டும். உங்களிடம் வாங்கக்கூடாது.

சேல்ஸ்_செக்‌ஷன்
பாஸ் கொடுத்தால் போதாது அண்ணா. பத்தரைக்கு அங்கே விளக்கும் ஆளும் இருக்கணும்.

மேட்சிங்கடை
என் வண்டியும் கடைப்பையன் வண்டியும் காலையிலிருந்து வாசலில்தான் நிற்கின்றன, மறைக்கவில்லை. ராத்திரி வரை ஆள் இருந்தால் நாளைக்கே இரண்டையும் மாற்றுகிறேன், அவன் பாஸ் என் செலவு. ஆனால் வாடிக்கையாளருக்கு முதல் அரை மணி இலவசம். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நடேசன்தெரு_பொண்ணு
அரை மணி சரி அண்ணா. உள்தெருவில் வேண்டாம், மெயின் ரோட்டில் மட்டும்.