மறுமொழி: ‘மோல்டிங்’குக்குத் தமிழ் – வார்ப்பு வேண்டாம், ‘படை’ இருக்கிறது

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளாக ஓடும் இந்த இழையை இன்று காலைதான் முழுதாகப் படித்தேன். கோயில் சுவருக்குக் கீழே அடித்தளமாக இருக்கும் தாங்குதளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக, சில வெளியே தள்ளியும் சில உள்வாங்கியும், கட்டடத்தைச் சுற்றி ஓடுகிற உறுப்புகள் இருக்கின்றன அல்லவா? உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று தனித்தனிப் பெயர் எல்லாவற்றுக்கும் உண்டு. கட்டடக்கலை மாணவர்கள் இவற்றை ‘மோல்டிங்’ என்று சொல்கிற பொதுப்பெயருக்குத் தமிழ்ச் சொல் தேடித்தான் நாம் இத்தனை மடல் எழுதியிருக்கிறோம்.

> ‘வார்ப்பு’ அகராதியிலேயே இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, மன்னிக்கவும், இதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோசை வார்க்கிறோம், ஐம்பொன் வார்க்கிறோம். கருங்கல்லை யாரும் வார்த்ததில்லை. எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் துண்டறிக்கையில் ‘அழகிய கல் வார்ப்புகள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்த என் தங்கை மகன், “கல்லை எந்த அடுப்புல மாமா உருக்குனாங்க?” என்று கேட்டான். வேலூர் வெயிலுக்கு அடுப்பு எதற்கு என்று சொல்லிச் சமாளித்தேன்.

கல்லை விடுங்கள், சுதைக்கும் அந்தச் சொல் பொருந்தாது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே கல்ஹாரம் என்கிற கல் கட்டுமானம், அதற்கு மேலே நிலைகள் எல்லாம் செங்கல்லும் சுதையும். மேலே ஓடும் வரைகளுக்கு, வேண்டிய வடிவத்தில் தகட்டை வெட்டி, ஈரச் சாந்தின்மேல் வைத்து இழுப்பார்கள். கல்லில் செதுக்குவது, சாந்தில் இழுப்பது, இரண்டிலும் ஊற்றுவது கிடையாது. ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது ஆங்கிலத்தின் பாடு. அதை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்?

> ஸ்தபதிகள் ‘வர்க்கம்’ என்கிறார்களே, அது போதாதா?

அவர்களுக்குள் போதும். நான் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கோயில் வரைபடம் ஒன்றுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வர்க்கம் என்றால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வர்க்கமூலத்துக்குப் போய்விடும், பெரியவர்கள் நடுத்தர வர்க்கத்துக்குப் போய்விடுவார்கள்.

காட்பாடி அம்மா முன்வைத்த ‘வரி’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. யாளிவரி, பூதவரி என்று, உருவங்கள் வரிசையாக வரும் இடத்துக்குத்தான் வரி என்கிறோம். வெறும் ஜகதியையும் வரி என்றுவிட்டால் யாளிவரியின் தனித்தன்மை போய்விடும்.

சரி, நான் சொல்ல வந்தது ‘படை’. புதிதாக எதையும் உருவாக்கவில்லை. கல்வெட்டு படியெடுப்பவர்கள் கல்வெட்டு இருக்கும் இடத்தைக் குறிக்கும்போது ஜகதிப்படை, குமுதப்படை என்று நெடுநாளாக எழுதிவருகிறார்கள். அந்தப் ‘படை’யைத் தனியே எடுத்துப் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம் என்கிறேன், அவ்வளவுதான். அடுக்கு என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று. என் தாத்தா மண்சுவர் வைக்கும்போது, “ஒரு படை வச்சாச்சு, காயட்டும், நாளைக்கு அடுத்த படை” என்பார். தாங்குதளமும் அப்படித்தானே எழும்புகிறது?

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். படை என்றால் சேனை, தோலில் வரும் படை, இதெல்லாம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். பொன்னையாற்றங்கரை மேல்பாடியில், ஆற்றூரில் இறந்ததால் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ எனப்பட்ட தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு முதலாம் ராஜராஜன் எடுத்த நினைவுக் கோயிலைப் பள்ளிப்படை என்றே சொல்கிறோம். அதைக் கேட்டு யாரும் படையெடுப்பு என்று நினைப்பதில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாதபந்தம் என்னும் வகைத் தாங்குதளத்தில் வருவது முப்பட்டைக் குமுதம். அதாவது ஒரே உறுப்பு, அதன் முகம் மூன்று பட்டையாகச் சீவப்பட்டிருக்கும். பிரதிபந்தம் என்னும் இன்னொரு வகையில் அதுவே உருள் குமுதமாகிவிடும், பட்டை கிடையாது. இந்த முப்பட்டையைப் பலர் அவசரத்தில் ‘முப்படை’ என்று எழுதிவிடுகிறார்கள். நாம் படையைப் பொதுச்சொல் ஆக்கினால், ‘முப்படைக் குமுதம்’ மூன்று அடுக்காகிவிடும், படம் வரைகிற பிள்ளை மூன்று குமுதம் வரைந்து வைக்கும். அதனால் கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்து, படத்தோடு போட வேண்டும் என்பது என் கருத்து: படை என்பது சுற்றி ஓடும் உறுப்பு, பட்டை என்பது அதன் சீவிய முகம். ஒரு பகல் மெய்ப்புப் பார்க்கும் வேலைதான், செய்யலாம்.

சுவரில் மேலிருந்து கீழாகப் பிதுங்கியும் ஒடுங்கியும் வரும் பிரிவுகளைப் படை என்று சொல்லக் கூடாது. அவற்றுக்குச் சாலைப்பத்தி, கர்ணப்பத்தி என்று ‘பத்தி’ இருக்கிறது. கூரைப் பகுதியில் கூடு என்னும் வளைவு அலங்காரங்களோடு வளைந்து இறங்கும் கொடுங்கையையும் நான் சேர்க்கமாட்டேன். அது மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளிவிடுகிற உறுப்பு, அதன் பெயரே அதற்குப் போதும்.

எனக்கு இன்னும் தீராத ஒன்று மீதி இருக்கிறது. வாசல் நிலையைச் சுற்றி, ஒரு பக்கம் நிமிர்ந்து ஏறி, மேலே குறுக்கே ஓடி, மறுபக்கம் இறங்கும் செதுக்கு வரைகளும் ஆங்கிலத்தில் மோல்டிங்தான். நிமிர்ந்து நிற்பதைப் படை என்றால் என் தாத்தாவே ஒப்பமாட்டார். புடவைக்கும் வேட்டிக்கும் கரை இருக்கிறதே, அதைப் பார்த்து ‘நிலைக்கரை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் கேட்டதற்கு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆத்தங்கரை மாதிரி கேக்குது” என்று பதில் வந்தது. ஆம்பூர் ஐயாவும் காட்பாடி அம்மாவும் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
வேலூரிலிருந்து