அரியலூர் பிரையோசோவா மாதிரிகளில் வெள்ளைப் பூப்பு: கழுவலாமா?

சுண்ணப்பாறை:
கல்லூரி அருங்காட்சியகத்தில் அரியலூர்ப் பகுதியின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த பிரையோசோவாக்கள் (கூட்டமாக வாழும் நுண்ணிய நீர்வாழ் விலங்குகளின் சுண்ணாம்பு ஓட்டுப் புதைபடிவங்கள்) பழைய மர இழுப்பறையில் இருக்கின்றன. அட்டைக் குழியில் கோந்து வைத்து ஒட்டி, மேலே கண்ணாடி போட்டவை. சிலவற்றில் வெள்ளையாகப் பூத்து, ஒவ்வொரு உயிரியும் இருந்த அறையின் துளைகளே தெரியவில்லை. கழுவலாமா? எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் தங்கம் பூசச் சொல்கிறார்கள், பூசலாமா?

பேழைக்காவலர்:
முதலில் பூஞ்சையா உப்பா என்று பாருங்கள். நுண்ணோக்கியில் 40 மடங்கு பெரிதாக்கினால் நூல் பின்னல் தெரிந்தால் பூஞ்சை. ஊசிப் படிகம் என்றால் உப்பு. இழுப்பறையில் வினிகர் வாடையும் இருந்தால் ஏறக்குறைய உறுதி, அது பைன் நோய் (Byne's disease; பைன் மரத்தோடு தொடர்பில்லை). பெயர்தான் நோய், தொற்றாது. மரமும் சில பசைகளும் அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவியை விடும். ஈரப்பதம் ஏறினால் கால்சியம் கார்பனேட் ஓடு அதனோடு வினைபுரிந்து உப்பாகிவிடும். அதாவது அந்த வெள்ளை வெளியிலிருந்து படிந்த தூசி அல்ல, அரிக்கப்பட்ட ஓடேதான். துடைத்தாலும் போன நுணுக்கம் திரும்பாது. ஆகவே இடம் மாற்றுவதே முதல் வேலை: பெயின்ட் நன்கு உலர்ந்த எஃகு அலமாரி, அமிலமற்ற அட்டை, 45–50% ஈரப்பதம்.

சுத்தம் செய்யுமுன் சீட்டு, அளவுகோலோடு படம் எடுங்கள். பிறகு மென்மயிர்த் தூரிகையால் உலர்வாக மட்டும். உப்பு நீரில் கரையும்தான், ஆனால் கோந்தும் கரையும்; துண்டுகள் கழன்று எண்கள் கலந்தால் மாதிரிக்கு மதிப்பே இல்லை. மீயொலி அதிர்வால் கழுவும் தொட்டியில் மெல்லிய கிளைகள் நொறுங்கும். அமிலத்தை நினைக்கவே வேண்டாம்.

நுண்துளை:
தங்கம் வேண்டாம். பூசியதை எடுக்கும் கரைசல்களில் சில சுண்ணாம்பு ஓட்டுக்கு ஆபத்து. குறைவெற்றிட முறையில், பின்சிதறல் எலக்ட்ரான் உணரியோடு (மாதிரியில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரான்களைப் பிடிப்பது), 15–20 கிலோவோல்ட்டில் பூசாமலே படம் கிடைக்கும். வட்டவாயிகள் (cyclostomes) என்ற பிரையோசோவாப் பிரிவுக்குக் குஞ்சு வளர்க்கும் அறை கட்டாயம் தெரிய வேண்டும். அது இல்லாத துண்டுக்கு இனப்பெயர் வைப்பது பெரும்பாலும் ஊகம்.

இன்னொன்று: தென்னிந்தியக் கிரெட்டேசிய (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலம்) பிரையோசோவாக்களைத் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா 1872-இல் விவரித்தார். உங்கள் சீட்டில் அந்தக் காலத்து எண் இருந்தால் அது அவர் விவரித்த மாதிரியாகவே இருக்கலாம்; அவர் படங்களோடு ஒப்பிடும் வரை தூரிகைகூட வைக்காதீர்கள்.

சுண்ணப்பாறை:
அலமாரி வரும் வரை காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாமா?

பேழைக்காவலர்:
பழைய அட்டையோடு வேண்டாம். சிலிக்கா ஜெல் ஈரத்தைக் குறைக்கும், ஆனால் அட்டையும் பசையும் விடும் ஆவி உள்ளேயே தேங்கும். அமில ஆவியைக் காட்டும் நீல ஏ-டி (A-D) சோதனைத் தாளை ஒரு நாள் உள்ளே வையுங்கள். பச்சையாகி மஞ்சளை நெருங்கினால் டப்பாவைத் திறந்துவிடுங்கள்.