அகமது சவைல் லவ் ஸ்டோரி நடந்தது அமெரிக்காவுலயா?

ஸ்டார்ட் பண்ணது: மை_டப்பா
எகிப்துல இருந்து போய் 1999ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கினாரே அகமது சவைல், அவர் சின்ன வயசு எப்படி? அமெரிக்கா போன புதுசுல அங்கயே ஒரு பொண்ண லவ் பண்ணி செட்டில் ஆயிட்டார்னு ஃப்ரெண்டு அடிச்சு சொல்றான், நெசமா?

கண்ணாடிக்குழாய்:
ஃப்ரெண்டு கதை விடுறார் ப்ரோ. 1946ல தமன்ஹூர்ல பொறந்து தெசூக்ல வளந்தவர், படிக்கிறப்ப ரேடியோல எகிப்தோட பெரிய பாடகி உம் குல்தூம் பாட்டு ஓடிட்டே இருக்கணும் அவருக்கு. அம்மா காபி போடுற எண்ணெய் அடுப்ப தூக்கிட்டு வந்து கண்ணாடிக் குழாய மாட்டி, கட்டைய சூடு பண்ணா எப்படி கேஸாகுதுன்னு பாத்திருக்கார், வீடே எரிஞ்சிருக்கும், எங்கம்மாவா இருந்தா தோலை உரிச்சிருப்பாங்க. அலெக்சாண்ட்ரியால படிச்சிட்டு 1969ல பென்சில்வேனியா யுனிவர்சிட்டிக்கு பிஎச்டி பண்ணப் போனார். இஸ்ரேலோட நடந்த 1967 போருக்கப்புறம் எகிப்துக்கும் அமெரிக்காவுக்கும் தூதரக உறவே கிடையாது, அந்த நேரத்துல போனவர்னா யோசிச்சுக்கோங்க. ஊருக்குத் திரும்பி வர்றதுதான் அவர் பிளான், வரும்போது ஒரு பெரிய அமெரிக்கக் கார் வாங்கிட்டு வரணும்னு வேற ஆசை 😄

மை_டப்பா:
கார் மேட்டர் சூப்பர். லவ்வு?

மல்லிப்பூ77:
அது சவூதில. அமெரிக்கா போயி இருவது வருசம் கழிச்சு, கால்டெக்ல (கலிஃபோர்னியால இருக்குற யுனிவர்சிட்டி) பேராசிரியரா இருக்கறப்ப, 1989 மார்ச்ல கிங் ஃபைசல் விருது வாங்க போறார், அதே மேடையில இலக்கியத்துக்கு விருது வாங்க சிரியாலருந்து ஒருத்தர் வந்திருக்கார், அவர் பொண்ணுதான் தெமா, டமாஸ்கஸ்ல டாக்டருக்குப் படிச்சவங்க. ஜூலைல நிச்சயம், செப்டம்பர்ல கல்யாணம். சவைலுக்கு அப்ப 43 வயசு. முதல் கல்யாணம் முன்னாடியே முறிஞ்சு ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்க, இத பல பேர் சொல்லாம விட்டுடுறாங்க, நீங்க விட்றாதீங்க. தெமாவக் கட்டினதுக்கப்புறம் ரெண்டு பசங்க பொறந்தாங்க.

கண்ணாடிக்குழாய்:
மார்ச்ல பாத்து செப்டம்பர்ல கல்யாணமா! அணுவும் அணுவும் ஒட்டுறத ஃபெம்டோசெகண்டுல (ஒரு செகண்ட ஆயிரம் லட்சம் கோடியா பிரிச்சா அதுல ஒரு பங்கு) படம் புடிச்ச மனுசனுக்கு ஆறு மாசம் ரொம்ப ஸ்லோதான்

மை_டப்பா:
😂😂 நன்றி மக்கா, இந்த லிங்க்க அப்படியே அவனுக்கு அனுப்பிட்டேன், ப்ளூ டிக் விழுந்திருச்சு, பதிலத்தான் காணோம்